கடைசியில் வருகிறவர்

ஸ்லேட் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
மே 9, 2011

கர்த்தருக்குள் பிரியமான வெல்டாவுக்கு,

உன் ஆர்டித் எழுதுகிறேன். கிருபையால் நலமாயிருக்கிறேன். காலை ஜெபத்தில் உன் பேரையும் பர்ல் அண்ணன் பேரையும் தவறாமல் சொல்கிறேன். அண்ணனின் முழங்காலைத் தனியாகச் சொல்கிறேன், இடது கால் என்று குறிப்பிட்டே.

முதலில் நன்றி. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். போன நவம்பரில் என் ஹோபர்ட்டை அடக்கம் செய்த வாரம் முழுக்க நீ என் அடுப்படியில் நின்றாய். சபையார் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றின் அடியிலும் யாருடையது என்று பேர் எழுதி ஒட்டினாய். அந்த வாரம் எனக்குக் கண் தெரிந்ததா காது கேட்டதா என்றுகூடச் சொல்ல முடியாது. பிறகு எல்லாப் பாத்திரங்களும் மாறாமல் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன என்றால் அது உன்னால்தான். பர்ல் அண்ணன் அந்தக் குளிரில் என் கொட்டகைக் கூரையைச் சரிசெய்துவிட்டுப் போனார். இந்த வசந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஸ்தோத்திரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபருக்கு வழக்கமாக வாடகைக்கு எடுக்கும் மரவீட்டை இந்த வருஷம் எடுக்க வேண்டாம். நான் மலைக்கு வரவில்லை. ஒவ்வொரு அக்டோபரும் நான்கு வண்டிகளாய்ப் போனோம். முன்னால் பர்ல் அண்ணன், அடுத்து நீ, உன் பின்னால் நான், கடைசியில் ஹோபர்ட். மோட்டார் சைக்கிள் மாதிரி இருபுறமும் கால் போட்டு ஏறும் அந்த நாலு சக்கர வண்டியில் உட்காரக் கற்றுக்கொண்ட நாள் முதல், அவர் வண்டிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்காமல் நான் காட்டுக்குள் நுழைந்ததில்லை. வழி பிரிகிற இடத்தில் நின்று, பின்னால் வருகிறவர் கண்ணில் பட்ட பிறகுதான் நகர வேண்டும் என்பது நம் வழக்கம். இனி நான் யாருக்காக நிற்பேன், சொல்.

கோபித்துக்கொள்ளாதே. பீன்ஸ் கொடி ஏறிவிட்டது. இந்த வருஷமும் உனக்கு ஊறுகாய் போட்டு அனுப்புவேன்.

உன்
ஆர்டித்

*

டேட்டன், ஒஹாயோ
ஜூன் 2, 2011

பிடிவாதக்காரி ஆர்டித்துக்கு,

உன் கடிதத்தைப் பர்லுக்கு வாசித்துக் காட்டினேன். அது என் தப்பு. "சரி, முடிஞ்சுது போ" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மழையில் நின்றுகொண்டு இரண்டு வண்டிகளையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறார்.

"மழை பெய்யுதுல்ல, இப்ப எதுக்குக் கழுவுறீங்க?"

"அழுக்கா இருந்தா யாரு வாங்குவா?"

"யாரு விக்கச் சொன்னா?"

"வச்சிருந்து என்ன பண்ணச் சொல்ற? அந்த மலையில நமக்குன்னு இருந்தது அவங்க ரெண்டு பேரு. ஒருத்தன் போயிட்டான். ஒருத்தி வரமாட்டேங்குறா. டேட்டன் ரோட்டுல இதுல ஏறிப்போய் பால் வாங்கிட்டு வரவா?"

சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படியிருந்தது.

ஆகவே பட்டென்று சொல்கிறேன், நீயும் சுற்றி வளைக்காமல் பதில் எழுது. நீ வராவிட்டால் இந்த அக்டோபர் சவாரி கிடையாது. இந்த வருஷம் விட்டால் பர்லின் காலை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் தொடங்க முடியாது. வண்டிகள் போய்விடும். அப்புறம் நீயும் நானும் பார்த்துக்கொள்வது நம் இருவரில் ஒருத்தியுடைய அடக்க ஆராதனையில்தான். அதில் ஒருத்திதான் மற்றவளைப் பார்ப்பாள்.

கடைசியில் வர ஆள் இல்லை என்பதுதான் உன் குறை என்றால், பர்ல் வருகிறேன் என்கிறார். "நான் ஹோபர்ட் எடத்துல வரேன்னு எழுது" என்றார்.

"அப்ப முன்னாடி யாரு போறது?"

"நீதான்."

நான் முன்னால் போனால் வழி தவறி, மத்தியானச் சாப்பாடு பக்கத்து மாநிலம் கென்டக்கியில்தான், அது உனக்கே தெரியும். இருந்தாலும் போகிறேன். உனக்காகத் தொலைந்துபோகத் தயார்.

உன்
வெல்டா

*

ஸ்லேட் ஃபோர்க்
ஜூலை 11, 2011

பிரியமுள்ள வெல்டா,

உன் கடிதத்தை ஒரு மாதமாய் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு ஜெபித்தேன். கடைசி வரிக்கு வரும்போதெல்லாம் உன்மேல் கோபம் வரும். பிறகு, இவ்வளவு கோபப்பட ஒரு சிநேகிதியைக் கொடுத்தாரே என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்திருப்பேன்.

வண்டிகளை விற்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல். வருகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹோபர்ட்டின் இடத்தில் வேறு யாரும் வரக் கூடாது. அண்ணன் எப்போதும் போல முன்னால் போகட்டும், அடுத்து நீ, கடைசியில் நான். அவர் இடத்துக்கு நான் வருவதாக நினைக்காதே. என் இடத்தில்தான் வருகிறேன். எனக்குப் பின்னால் இருக்கிற இடம் காலியாக இருக்கட்டும். இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அண்ணனிடம் பக்குவமாகச் சொல்.

கடைசியில் வருகிறவருடைய வேலைகளைக் கற்றுக்கொண்டுவிட்டேன். முன்னால் போகிறவர்கள் தவறவிட்ட கையுறையைப் பொறுக்குவதும் மாடுகள் வெளியே வராதபடி வேலிக் கதவைச் சாத்துவதும் எனக்கு வரும். ஓட்டையான டயருக்கு ரப்பர் சொருகுவதுதான் தெரியாமல் இருந்தது. அதற்கு டயர் கடைக்குப் போனேன்.

"உங்களுக்கு எதுக்கும்மா இது? கடைசியில வர்றவங்க வச்சிருந்தா போதுமே" என்றார் கடைக்காரர்.

"நாந்தாங்க கடைசியில வர்றேன்."

அவருக்கு ஹோபர்ட்டை நன்றாகத் தெரியும். ஒரு பழைய டயரை எடுத்துப் போட்டு, ஆணியால் அவரே ஓட்டை போட்டு, கருவியை என் கையில் கொடுத்தார். மூன்றாவது ஓட்டையில் சரியாக வந்துவிட்டது. "ஐயா வேலையவிட சுத்தமா இருக்கு" என்றார். அது பொய். ஆனாலும் வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தது.

இனி ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மாலை நீங்கள் வந்துவிடுங்கள். சனிக்கிழமை பழைய சுரங்க ரயில் பாதை வழியாக ஏறி, லாரல் மேட்டில் சாப்பிட்டுவிட்டு, மறுபக்கம் ஓடை வழியாக இறங்கி மரவீட்டுக்குத் திரும்புவோம். பெட்ரோலை நான் பார்த்துக்கொள்கிறேன். மேட்டில் ஏறினால் பர்ல் அண்ணனின் வண்டி எவ்வளவு குடிக்கும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும், ஒவ்வொரு வருஷமும் எழுதி வைத்திருக்கிறேன். பெப்பரோனி இறைச்சித் துண்டு வைத்துச் சுடும் ரொட்டி நான் செய்கிறேன். நீ உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவராதே. போன தடவை அது வண்டிப் பெட்டிக்குள் என்ன பாடுபட்டது என்று உனக்கே தெரியும். உனக்குப் பின்னால் வந்தவள் நான்தான்.

அன்புடன்
ஆர்டித்

*

டேட்டன்
செப்டம்பர் 19, 2011

என் தங்கமே,

சாலட் கொண்டுவருவேன். மூடி இறுக்கமான டப்பா வாங்கிவிட்டேன். உன்னைச் சிரிக்கவைக்க வேறு வழி தெரியவில்லை.

பர்லிடம் நீ சொன்னபடியே பக்குவமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் காப்பிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "அவ சொல்றது சரிதான்" என்றார். பிறகு, "ஆனா கடைசியில வர்றது லேசில்ல. பின்னாடி யாரும் இல்லைங்கறது பழகணும்" என்றார். அதை உனக்கு எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

வானிலைக்காரன் மழை என்கிறான். அவன் சொன்ன மழைக்குப் பயந்திருந்தால் எனக்கும் பர்லுக்கும் கல்யாணமே ஆகியிருக்காது. மழைக்கோட்டை மறக்காதே.

இத்தனை நாள் உன் பக்கம் இருந்து எனக்கு வந்ததையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். வேலை போய் நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலம் முழுக்க நீ தபாலில் அனுப்பிய ஆப்பிள் ஜாமைத்தான் தொட்டுச் சாப்பிட்டோம். நான் அதற்கு ஒழுங்காக நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. இப்போது சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வந்துவிடுவோம்.

வெல்டா

*

ஸ்லேட் ஃபோர்க்
அக்டோபர் 17, 2011

பிரியமான வெல்டா,

நல்லபடியாக ஊர் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று நீங்கள் விடிகாலையில் புறப்பட்ட பிறகு இங்கே நடந்ததை எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போனதும் ஆராதனைக்குப் போனேன். மனம் நிறைந்திருந்தது. மழை பெய்தாலும், உன் சாலட் கவிழ்ந்தாலும், பதினொரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வயிறு குலுங்கச் சிரித்திருந்தேன். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நன்றி சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் பாஸ்டர் எழுந்தார். "நேத்து சாயங்காலம் லாரல் மேட்டுப் பக்கம் வண்டியில போன ஒருத்தரக் காணோம். நம்ம சபை ஆளுங்க ரெண்டு பேரு இருட்டுற வரைக்கும் தேடிட்டு வந்துருக்காங்க. அவருக்காகவும் வீட்டுல காத்திருக்கறவங்களுக்காகவும் ஜெபிப்போம்" என்றார்.

நானும் தலை குனிந்து ஜெபித்தேன், வெல்டா. கண்ணீரோடு ஜெபித்தேன். அந்த மனுஷனுடைய மனைவிக்காகத்தான் அதிகம் கேட்டேன். ஜெபம் முடிந்து, தேடப் போன இருவரில் ஒருவர் விவரம் சொன்னார். எதிரே ஏறி வந்த ஒரு கூட்டம்தான் தகவல் கொடுத்ததாம். அவர்களைத் தாண்டிப் போன வண்டிகளில் கடைசியாக வந்தது சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒரு அம்மாவாம். அவர் ஒரு விரல் காட்டினாராம். இன்னும் ஒருவர் வருகிறார் என்று. அந்த ஒருவர் வரவேயில்லையாம்.

என் ஹெல்மெட் கொட்டகையில் சிவப்பாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

உனக்கு நினைவிருக்கும். மேட்டிலிருந்து இறங்கும் குறுகல் சரிவில் ஒரு கூட்டம் ஒதுங்கி நின்று நமக்கு வழிவிட்டதே. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் முன்னால் இருந்தாளே. எனக்குப் பின்னால் இத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் விரல் காட்டிக்கொண்டு போவோம். கடைசி ஆள் கையை மூடிக் காட்ட வேண்டும், இனி யாருமில்லை, நீங்கள் புறப்படலாம் என்று. நான் மூடிய கையைக் காட்டினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. இத்தனை வருஷமாய் எனக்குப் பின்னால் ஒருவர் வந்தார், கை அதைத்தான் காட்டியிருக்கிறது.

சபையில் எழுந்து நின்றேன். நன்றி சொல்ல யோசித்து வைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "தேடுற ஆளு என் வீட்டுக்காரர்தாங்க" என்று மட்டும் சொன்னேன். ஹோபர்ட்டை இவர்கள் எல்லாரும் சேர்ந்துதானே அடக்கம் செய்தார்கள்.

பாஸ்டர் என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, தகவல் கொடுத்தவர்கள் தங்கியிருந்த முகாமுக்குப் போனார். அந்தக் கூட்டம் வட கரோலினாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்ப வேண்டியவர்கள். அதை விட்டுவிட்டு, காயாத ஈரத் துணியை மறுபடி மாட்டிக்கொண்டு, இரண்டாம் தடவை தேடப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கோட்டுப் பெண்ணின் பேர் கார்னெட் ஆக்ஸென்டைன். நாற்பது வயதிருக்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரும் காணாமப் போகலம்மா. நாந்தான் கடைசி. என் வீட்டுக்காரர் எப்பவும் எனக்குப் பின்னாடி வருவாரு. போன நவம்பர்ல தவறிட்டாரு. கை பழக்கத்துல காட்டிடுச்சு."

அவள் தம்பி, "நான் அப்பவே சொன்னேன்ல, அந்தம்மா கை தவறிக் காட்டிருப்பாங்கன்னு" என்று தொடங்கினான்.

"நீ சும்மா இருடா" என்றாள் அவள். என் பக்கம் திரும்பினாள். "அப்ப யாரும் கீழ விழுந்து கெடக்கல?"

"இல்லம்மா."

"யாரும் ராத்திரி பூரா குளிர்ல இல்ல?"

"இல்ல."

இஞ்சினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தேவனுக்கு நன்றி" என்றாள். அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. அவளுடைய சொந்தத்தில் யாரோ பிழைத்துக்கொண்டது போல.

என்னைத் திட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். "அவரு பேரு என்ன?" என்று கேட்டாள்.

"ஹோபர்ட்."

"பேரு தெரியாம நேத்து சாயங்காலம் பூரா 'கடைசி வண்டி, கடைசி வண்டி'ன்னு கத்திக்கிட்டு நடந்தோம். தெரிஞ்சிருந்தா பேர் சொல்லியே கூப்பிட்டிருப்போம்."

ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, சரிவில் டயர் தடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவள் ஊரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். சாயங்காலம் கடைசி இருக்கை வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பூட்டுவாளாம். "ஒரு ஆளு கொறையுதுன்னா எனக்கு வீட்டுக்குப் போக மனசு வராதும்மா. அதுவும் உங்க கணக்கு அவ்வளவு சுத்தமா ஒத்து வந்துச்சு" என்றாள். அது என்ன என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து பீன்ஸும் சோள ரொட்டியும் கொடுத்தேன். துணியை உலர்த்திக்கொடுத்தேன். தேடப் போன நம் சபைக்காரர் இருவரும் வந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா, ஒரு நாள் பாத்திரம் கழுவுறதுலேர்ந்து தப்பிச்சோம்" என்றார் ஒருவர்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் வழக்கமில்லை. அது தேவையுமில்லை, அவர் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். ஆனால் நேற்றுச் சபை முழுவதும் தலை குனிந்து ஹோபர்ட்டுக்காகக் கேட்டது. ஒருவருக்கும் தெரியாமல் கேட்டது. இந்தப் பதினொரு மாதமும் என்னைப் பார்க்க வருகிறவர்கள் நான் தூங்குகிறேனா, சாப்பிடுகிறேனா என்று கேட்கிறார்கள். அது அன்புதான். அவர் எங்கே என்று கேட்டவர் யாருமில்லை. எல்லாருக்கும் தெரியும். இந்தக் கரோலினாக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியாது. தெரியாததால் மழையில் போய்த் தேடினார்கள். அவரை என்னைத் தவிர இன்னும் சிலர் ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். வெட்கத்தில் குறுகிப்போயிருக்கிறேன், அதே மூச்சில் நன்றியும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாக எப்படி முடிகிறது என்று தெரியவில்லை.

ஆனால் இனி நான் மலைக்கு வருவது சரியில்லை. அந்தச் சரிவில் தேடப் போனவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன். கடைசியில் வருகிறவளுக்குத் தன் பின்னால் யாருமில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். பர்ல் அண்ணன் சொன்னது சரி. வண்டிகளை விற்பதென்றால் இனி நான் தடுக்க மாட்டேன். இந்த ஒரு அக்டோபர் கிடைத்ததே பெரிது.

உங்கள் இருவருக்கும் நன்றியோடு
ஆர்டித்

*

டேட்டன்
அக்டோபர் 24, 2011

அடி ஆர்டித்,

கடிதம் மத்தியானம் வந்தது. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பர்லுக்கு வாசித்துக் காட்டினேன். நீ விரல் காட்டிய இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"அத மறுபடி படி."

படித்தேன்.

"நான் மூணு காட்டினேன்" என்றார்.

"என்ன மூணு?"

"மூணு வெரலு. எனக்குப் பின்னாடி நீ, ஆர்டித், ஹோபர்ட். ரெண்டுதான் காட்டியிருக்கணும். மூணு காட்டினேன். தாண்டிப் போனதும் தெரிஞ்சுது. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், ஆர்டித். ஏனென்றால் நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த மஞ்சள் கோட்டு எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கு நேரே நான் தூக்கிய கையும் நினைவிருக்கிறது. கையுறையில் சாலட் அப்பியிருந்தது, அதனால் பார்த்தேன். இரண்டு விரல். ஒன்று காட்டியிருக்க வேண்டியவள் இரண்டு காட்டினேன்.

இப்போது புரிகிறதா உன் பஸ்காரி சொன்ன கணக்கு? பர்ல் மூன்று, நான் இரண்டு, நீ ஒன்று. அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்? மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று ஒரே பொய்யைச் சொன்னோம், அதுவும் ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளாமல். நீ தனியாக எழுந்து சபையில் நின்றாய். நாங்கள் இருவரும் அப்போது நெடுஞ்சாலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். உன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இன்னொன்று. வழி பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நீ நின்று பின்னால் திரும்பிப் பார்த்தாய். நான் பார்த்தேன். பர்லும் பார்த்தார். அதனால்தான் அவர் அன்றைக்கு அவ்வளவு மெதுவாகப் போனார், முழங்கால் வலியால் இல்லை. உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ நின்றிருக்க மாட்டாய்.

பர்ல், "ஹோபர்ட் மட்டும் இருந்திருந்தான்னா, இதுக்கு கிறிஸ்துமஸ் வரைக்கும் சிரிச்சிருப்பான்" என்றார். அதற்குப் பிறகு சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை. அதை எழுத வேண்டியதில்லை.

வண்டிகள் விற்பனைக்கு இல்லை. அது முடிந்துபோன பேச்சு. அடுத்த அக்டோபருக்கு மரவீட்டை நானே எடுத்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. மலைக்கு வர உனக்குத் தகுதியில்லை என்றால் எங்கள் இருவருக்கும் அதே தகுதிதான்.

ஆனால் கடைசியில் யார் வருவது என்பதை நாம் தீர்த்தாக வேண்டும். உன்னை மறுபடி அங்கே விட எனக்கு மனமில்லை. பர்லைக் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில், "உண்மையச் சொல்லட்டுமா? எனக்கு பயம்" என்றார். "அன்னிக்கு வர்றேன்னு சொன்னது ஹோபர்ட்டுக்காக. பின்னாடி கரடி வந்தா முன்னாடி போறவங்களுக்கு எப்படித் தெரியும்?" இத்தனை வருஷம் இவர் ஏன் எப்போதும் முன்னால் போனார் என்று இப்போதுதான் தெரிந்தது. இதை அவரிடம் சொல்லிக்காட்டாதே.

நீயே யோசித்து எழுது. நீ என்ன சொன்னாலும் சரி, வரமாட்டேன் என்பதைத் தவிர.

உன்
வெல்டா

*

ஸ்லேட் ஃபோர்க்
நவம்பர் 14, 2011

பிரியமான வெல்டா,

மூன்று, இரண்டு, ஒன்று. அந்த இடத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். தபால்காரர் படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் மட்டும்தான் அவரைச் சுமந்துகொண்டு போகிறேன் என்று எண்ணியிருந்தேன். நீங்களும் பங்கு எடுத்திருக்கிறீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வருகிறேன் என்று சொல்வதுதான் வழி. வருகிறேன்.

இன்றைக்கு ஹோபர்ட் போய் ஒரு வருஷம். காலையில் கல்லறைக்குப் போய் இலைகளைக் கூட்டிவிட்டு வந்தேன். குளிர் அதிகமில்லை.

கடைசியில் யார் வருவது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கார்னெட்டிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டில் உலர்த்திக் கொடுத்த துணிக்கும் சாப்பாட்டுக்கும் நன்றி சொல்லியிருந்தாள். அடுத்த அக்டோபரில் அவர்களும் நம்மோடு சேர்ந்து வரலாமா என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே, கொஞ்சம் தயங்கி எழுதியது போல, கடைசி வண்டியாக அவள் வரலாமா என்று கேட்டிருந்தாள். யாரும் அந்த இடத்தில் வரக் கூடாது என்று உன்னிடம் சொன்னவள் நான்தான். கடிதத்தை மடிக்கும்போதே சரி என்று முடிவு செய்துவிட்டேன். அவர் இருப்பார் என்று நம்பி அந்த இடம் வரை போய்ப் பார்த்தவள் அவள் ஒருத்திதானே. அண்ணனிடம் சொல், நிம்மதியாக முன்னால் போகட்டும். கரடியை அவள் பார்த்துக்கொள்வாள்.

கடிதத்தில் இன்னும் ஒரு கேள்வி இருந்தது. "அவர் எவ்வளவு தள்ளி வருவார்? உங்கள் வண்டித் தூசி அடங்கின பிறகா, அதற்கு முன்னாலா? நானும் அதே அளவில் வருகிறேன்" என்று கேட்டிருந்தாள்.

வெல்டா, அவரைப் பற்றி என்னை யாரும் இப்படி எதுவும் கேட்டதில்லை. தூசி பாதி அடங்கியதும் வருவார். ஓடையைத் தாண்டும்போது மட்டும் நெருங்கி வருவார், நான் தண்ணீரில் பயப்படுவேன் என்று. மேட்டில் ஏறும்போது தள்ளிப்போவார், அவசரப்படுத்துவதாக நான் நினைத்துவிடக் கூடாது என்று. வளைவுகளில் விளக்கை ஒரு முறை அணைத்து ஏற்றுவார். இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன், காலையில் தொடங்கியது, இப்போதுதான் முடித்தேன். உறையில் அடங்காமல் பெரிய உறை தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

அதனால்தான் உனக்கு இவ்வளவு சின்னக் கடிதம். இருந்த காகிதமெல்லாம் அவளுக்கே போய்விட்டது.

உன்
ஆர்டித்